ஒரு கோடி ஆல்பம் வித்தும் கையில காசு இல்ல! - டி.எல்.சி பாடகிகள் திவாலானது எப்படி?

1995 ஜூலை. அமெரிக்காவில் எந்த ரேடியோவைத் திருப்பினாலும் 'வாட்டர்ஃபால்ஸ்' பாட்டுதான். போதைப்பொருள் வியாபாரத்தில் இறங்கும் இளைஞனையும் எய்ட்ஸ் நோயையும் பேசிய அந்தப் பாடல், 'பில்போர்டு ஹாட் 100' பட்டியலில் 7 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதைப் பாடிய மூன்று இளம்பெண்களோ அதே மாதம் திவால் மனு தாக்கல் செய்திருந்தார்கள். காட்டிய கடன், சுமார் 35 லட்சம் டாலர்!

பாட்டு ஹிட்டு, ஆல்பம் ஹிட்டு. அப்புறம் காசு எங்கே போச்சு?

யார் இந்த டி.எல்.சி?

அட்லாண்டா நகரத்துப் பெண்கள் குழு இது. 'டி-பாஸ்' என்கிற டியான் வாட்கின்ஸ், 'லெஃப்ட் ஐ' என்கிற லிசா லோபெஸ், 'சில்லி' என்கிற ரொசோண்டா தாமஸ். 1992-ல் முதல் ஆல்பம். 1994 நவம்பரில் லாஃபேஸ் நிறுவனம் வெளியிட்ட இரண்டாவது ஆல்பம்தான் 'கிரேஸிசெக்ஸிகூல்'. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடி பிரதிகளைத் தாண்டி 'டயமண்ட்' சான்றிதழ் வாங்கியது. ஒரு பெண்கள் குழுவுக்கு அந்தச் சான்றிதழ் கிடைத்தது அதுவே முதல்முறை.

விற்பனை வேற, வருமானம் வேறயா?

ஆமாம். இங்கேதான் சூட்சுமமே இருக்கு. ஒப்பந்தம் போடும்போது இசை நிறுவனம் ஒரு முன்பணம் கொடுக்கும். பார்க்க சம்பளம் மாதிரி இருக்கும். ஆனால் அது பாடகர்களின் ராயல்டியில் கழிக்கப்படுகிற தொகை. ஸ்டுடியோ வாடகை, தயாரிப்பாளர் கட்டணம், மியூசிக் வீடியோ செலவில் ஒரு பகுதி எல்லாமே அந்தக் கணக்கில்தான் ஏறும். இவை முழுசாகக் கழியும்வரை பாடகர்களுக்கு ராயல்டி வராது. முதல் ஆல்பத்தில் மிச்சமான பாக்கியை அடுத்த ஆல்பத்தில் பிடித்துக்கொள்ளும் ஒப்பந்தங்களும் உண்டு.

ஒரு சின்னக் கணக்கு

இது உதாரணக் கணக்குதான். ஆல்பம் ஒன்றுக்குக் குழுவின் பங்கு 50 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடி பிரதிக்கு 50 லட்சம் டாலர். செலவுக்கணக்கில் 20 லட்சம் போனால் மிச்சம் 30 லட்சம். மேனேஜர் கமிஷன் 20 சதவீதம், அதாவது 6 லட்சம். மீதி 24 லட்சத்தில் வரி, வக்கீல் கட்டணம் என்று பாதி போய்விடும். இருக்கிற 12 லட்சத்தை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 4 லட்சம் டாலர். அதுவும் மொத்தமாக வராது. ராயல்டி கணக்கு பொதுவாக 6 மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்கப்படும். இடைப்பட்ட காலத்தில் வாடகை, உடை, வாழ்க்கை எல்லாம் கடனில்தான் ஓடும்.

ரேடியோ காசு வராதா?

அமெரிக்காவில் வானொலியில் பாட்டு ஒலிபரப்பானால் பாடலை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும்தான் பணம். பாடியவருக்குக் கிடையாது. 'வாட்டர்ஃபால்ஸ்' எழுதியவர்களில் லோபெஸும் ஒருவர் என்பதால் அவருக்கு அந்த வழி திறந்திருந்தது. ஆனால் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்களை டல்லாஸ் ஆஸ்டின், பேபிஃபேஸ் போன்றவர்கள்தான் உருவாக்கினார்கள்.

ஒப்பந்தம் மட்டும்தான் காரணமா?

இல்லை. 1994-ல் காதலரின் வீட்டுக்குத் தீ வைத்த வழக்கில் லோபெஸ் சிக்கினார். அந்த வகையில் காப்பீட்டு நிறுவனம் பெருந்தொகை கேட்டது. டி-பாஸுக்குப் பிறவியிலேயே சிக்கிள் செல் ரத்தசோகை. மருத்துவச் செலவு அதிகம். ஆனால் ஒரு கோடி பிரதி விற்ற குழுவால் இதைக்கூடத் தாங்க முடியவில்லை என்பதுதான் யோசிக்க வைக்கிற விஷயம்.

திவால் மனு என்ன செய்தது?

அமெரிக்கத் திவால் சட்டப்படி, முடியாமல் இருக்கும் ஒப்பந்தங்களிலிருந்து விலக நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம். நிறுவனத்தைப் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுக்க அது ஒரு பிடி. 1996 பிப்ரவரியில் இரண்டு கிராமி விருதுகளை வாங்கிய கையோடு, தங்களிடம் பணமே இல்லை என்று மூவரும் செய்தியாளர்களிடம் போட்டு உடைத்தார்கள். நீண்ட இழுபறிக்குப் பிறகு ஒப்பந்தம் திருத்தி எழுதப்பட்டது. 1999-ல் வந்த 'ஃபேன்மெயில்' ஆல்பமும் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2002-ல் ஹோண்டுராஸில் நடந்த கார் விபத்தில் லோபெஸ் இறந்துபோனார்.

இன்று கேசட்டும் சிடியும் போய் ஸ்ட்ரீமிங் வந்துவிட்டது. முன்பணம் கொடுத்துக் கழிக்கிற முறை மட்டும் போகவில்லை. கையெழுத்துப் போடும் இளம் பாடகர்கள், "எத்தனை சதவீதம்?" என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. "அதுல எதையெல்லாம் கழிப்பீங்க?" என்றும் கேட்க வேண்டும்.