மழையின் போக்கும் சிறுமாறுபாடும்

தென்மேற்குப் பருவக்காற்றின் ஒரு கிளை, வங்கக் கடலிலிருந்து கங்கைச் சமவெளி வழியாக மேற்கு நோக்கி வீசுகிறது. கடலை விட்டு விலக விலக, அக்காற்றின் ஈரம் குறைகிறது. ஆகவே பருவகாலத்தில் கொல்கத்தாவில் ஏறத்தாழ 119 செ.மீ., பாட்னாவில் 105 செ.மீ., பிரயாக்ராஜில் (முன்பு அலகாபாத்) 76 செ.மீ., தில்லியில் 56 செ.மீ. மழை பெய்கிறது. நெடுந்தொலைவுக்கு ஒரே திசையில் தொடரும் இம்மாற்றத்தைப் 'போக்கு' என்பர்.

ஆனால், ஒரே நாளின் மழையளவை மட்டும் நோக்கினால் இப்போக்கு எளிதில் புலப்படாது. ஓர் ஊரில் இடியுடன் கனமழை கொட்டும். அடுத்த ஊரில் தூறலோடு நின்றுவிடும். இவ்வாறு அருகருகே தோன்றும் ஏற்றத்தாழ்வே 'சிறுமாறுபாடு'. இவ்விரண்டையும் பிரித்தறிய உதவும் முறைக்குச் 'சீராக்கம்' என்று பெயர். அதனை ஓர் எடுத்துக்காட்டால் அறிவோம்.

கிழக்கிலிருந்து மேற்காக அமைந்த ஏழு ஊர்களில் ஒரு நாள் பெய்த மழை 36, 27, 30, 21, 24, 15, 18 மி.மீ. எனக் கொள்வோம். எண்கள் இறங்கியும் ஏறியும் வருகின்றன. ஒவ்வோர் ஊரின் அளவையும் அதன் இருபுறத்து ஊர்களின் அளவுகளோடு கூட்டி, மூன்றால் வகுப்போம். இரண்டாம் ஊருக்கு 36 + 27 + 30 = 93; 93 ÷ 3 = 31. இவ்வாறே தொடர்ந்தால் 31, 26, 25, 20, 19 எனக் கிடைக்கும். இருமுனை ஊர்களுக்கு ஒருபுறமே அண்டை ஊர் இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறோம். இப்போது எண்கள் இறங்குமுகமாகவே உள்ளன, இதுவே போக்கு. உண்மை அளவிலிருந்து இச்சராசரியைக் கழித்தால் −4, +4, −4, +4, −4 எஞ்சும்; இதுவே சிறுமாறுபாடு. இம்முறை 'நகரும் சராசரி' எனப்படும்.

எத்தனை ஊர்களைச் சேர்ப்பது என்பதில் கவனம் வேண்டும். மிகச் சிலவற்றைச் சேர்த்தால் ஏற்றத்தாழ்வு நீங்காது. மிகப் பலவற்றைச் சேர்த்தால் உண்மையான வேறுபாடும் மறைந்துவிடும்.

2005ஆம் ஆண்டு சூலை 26 அன்று தொடங்கிய 24 மணி நேரத்தில், மும்பையின் சாந்தாகுரூசில் 944 மி.மீ. மழை பதிவாயிற்று. அதே நகரின் தென்கோடியிலுள்ள கொலாபாவில் பதிவானது 73 மி.மீ. மட்டுமே. இவ்விரண்டின் சராசரி 508.5 மி.மீ. அவ்வளவு மழை இரண்டு இடங்களிலும் பெய்யவில்லை! அவ்வெள்ளத்தில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

எந்த நிலத்தில் எப்பயிர் விளையும் என்பதைப் போக்கு காட்டும். எத்தெருவில் வெள்ளம் புகும் என்பதைச் சிறுமாறுபாடு காட்டும். ஆதலால், சீராக்கிய பின் எஞ்சுவதைக் கழிவென்று ஒதுக்கலாகாது. பிரித்தறிதல் வேறு, புறக்கணித்தல் வேறு.

அருஞ்சொற்பொருள்
புலப்படாது – தெரியாது
அண்டை – பக்கத்தில் உள்ள
எஞ்சும் – மீதமாகும்
தென்கோடி – தெற்கு எல்லை

பயிற்சி
1. போக்கு, சிறுமாறுபாடு – வேறுபடுத்திக் காட்டுக.
2. 18, 12, 15, 9, 12 ஆகிய எண்களுக்கு மும்மூன்றாக நகரும் சராசரி காண்க.
3. மும்பையின் மழையளவைச் சராசரியால் மட்டும் கூறுவது ஏன் பொருந்தாது?
4. நீங்கள் வாழும் ஊரின் மழைக்காலத்தையும் உங்கள் சொந்த ஊரின் மழைக்காலத்தையும் ஒப்பிட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.