பூட்டிய பெட்டியில் வந்த அரசாங்கம்

ஒரு தேசத்தின் அரசாங்கம் சிறு பெட்டி ஒன்றுக்குள் முத்திரையிடப்பட்டுக் கப்பலேறிக் கடல் கடந்து சென்ற விந்தையை நேயர்கள் கேட்டிருக்கிறார்களா? வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் நிலைபெறச் செய்த முதல் குடியேற்றமாகிய வர்ஜீனியாவுக்கு அரசாங்கம் அவ்விதமே போய்ச் சேர்ந்தது.

1606-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் வழங்கிய சாஸனத்தின் பலத்தால் லண்டனில் வர்ஜீனியாக் கம்பெனி தோன்றியது. கம்பெனி என்ற சொல் நம்மவர் காதுக்குப் புதிதன்று. நமது கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கவர்னராயிருந்த அதே ஸர் தாமஸ் ஸ்மித்தான், 1609 முதல் 1619 வரை வர்ஜீனியாக் கம்பெனிக்கும் பொக்கிஷதார் என்ற பட்டத்துடன் தலைமை வகித்தார்.

அவ்வருஷம் டிசம்பரில் மூன்று கப்பல்கள் புறப்பட்டன. குடியேற்றத்தை ஆளவேண்டியவர்கள் யார் என்பது கப்பலில் இருந்த எவருக்கும் தெரியாது. 1607 ஏப்ரல் 26-ம் தேதி கரை கண்ட இரவில் பெட்டி திறக்கப்பட்டது; ஏழு பெயர்கள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று ஜான் ஸ்மித். அவரோ கலகம் செய்யச் சூழ்ச்சி செய்தார் என்ற பழியின்பேரில் வழியிலேயே காவலில் வைக்கப்பட்டிருந்தார்! மற்றவர்கள் அவரை ஜூன் மாதம் வரையில் ஸபையில் அமரவிடவில்லை.

பவஹாட்டன் என்ற அரசனின் ஆளுகைக்குட்பட்ட நிலத்தில், சதுப்பு நிலமும் உப்புக் கரித்த நீருமான ஓரிடத்தில், ஜேம்ஸ்டவுன் எழுந்தது. குடியேறிய 104 பேரில் பெரும்பாலோர் ஒரு வருஷத்துக்குள் மாண்டனர். எழுவரும் ஒருவரையொருவர் நம்பவில்லை. முதல் தலைவர் செப்டம்பரிலேயே பதவி நீக்கப்பட்டார். இன்னொருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1609-10 குளிர்காலத்துப் பஞ்சத்தில், நூற்றுக்கணக்கானவர்களில் சுமார் 60 பேரே எஞ்சினர். மனித மாமிசம் தின்றார்கள் என்று பழைய கடிதங்கள் கூறுவதைச் சிலர் மிகையென்று தள்ளியதுண்டு. 2012-ல் அங்கே தோண்டி எடுக்கப்பட்ட, பதினான்கு வயதுப் பெண்ணொருத்தியின் மண்டையோட்டில் காணும் வெட்டுத் தழும்புகள் அந்த ஐயத்தைப் போக்கிவிட்டன.

கம்பெனி இதற்குக் கண்ட மருந்து ராணுவச் சட்டம். தோட்டத்தில் திருடினால் மரணம். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு மூன்றாம் முறை வரத் தவறினாலும் மரணம். இந்தச் செய்தி லண்டனை எட்டியபின் எவன் குடியேறத் துணிவான்? ஆள் இல்லாவிட்டால் புகையிலை ஏது? புகையிலை இல்லாவிட்டால் லாபம் ஏது? ஆகவே 1618-ல் கம்பெனி வழி மாறிற்று. தன் செலவில் வருவோர்க்கு ஆளுக்கு 50 ஏக்கர் நிலமும், ஜனப் பிரதிநிதி ஸபையும் தர இசைந்தது. சுதந்திரத்தில் கொண்ட பற்றினால் இதைச் செய்தார்கள் என்று பாடபுஸ்தகங்கள் எழுதும்போது நமக்குப் புன்னகை வருகிறது. எனினும், வியாபார புத்தியால் திறந்த கதவும் கதவுதானே!

1619 ஜூலை 30-ம் தேதி கவர்னர் யார்ட்லி கூட்டிய அந்த ஸபை ஜேம்ஸ்டவுன் மாதாகோவிலில் கூடியது. பதினொரு குடியிருப்புகளிலிருந்து இருபத்திரண்டு பேர் வந்தனர். வெயில் தாங்காமல் கவர்னரே நோயுற்றார்; அங்கத்தினர் ஒருவர் இறந்தே போனார். ஆறே நாளில் ஸபை கலைந்தது. அந்த ஆறு நாளில் நாம் மிகவும் மதிப்பது ஒரு காரியத்தை. காப்டன் மார்ட்டின் என்பவர் (பெட்டியிலிருந்து வெளிவந்த எழுவரில் ஒருவர்) தமது நிலத்துக்குக் குடியேற்றத்தின் சட்டங்களிலிருந்து விலக்குப் பெற்றிருந்தார். ஆயினும் சட்டம் இயற்ற இரண்டு பிரதிநிதிகளை அனுப்பிவிட்டார். சட்டத்துக்குக் கட்டுப்படாதவருக்குச் சட்டம் செய்வதில் என்ன பாத்தியதை என்று கேட்டு, ஸபை அவ்விருவரையும் வெளியே நிறுத்தியது.

இந்தப் பாடத்தை நடத்துகையில் ஒரு மாணவன், "ஸார், அந்த இருபத்திரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தது யார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பெண்களுக்கு உரிமை கிடையாது. அங்கே வேலைக்கு வந்திருந்த போலந்து தேசத்துத் தொழிலாளர்கள் வழக்காடித்தான் மற்றவர்களுக்குச் சமமான உரிமையைப் பெற்றனர். அம்மண்ணின் பூர்வ குடிகளைப் பற்றி ஸபை விவாதித்ததேயன்றி, அவர்களைக் கேட்டு எதுவும் செய்யவில்லை.

ஸபை கலைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்டு இறுதியில் 'ஒயிட் லயன்' என்ற கப்பல் வர்ஜீனியாக் கரைக்கு வந்தது. போர்த்துகீசியக் கப்பலொன்றிலிருந்து கொள்ளையிட்ட 'இருபது சொச்சம்' ஆப்பிரிக்கர்களை அங்கே இறக்கி, உணவுப் பண்டங்களுக்கு மாற்றிக்கொண்டது. சொச்சம் எத்தனை என்று எழுதி வைக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. சில நாளில் 'டிரெஷரர்', அதாவது பொக்கிஷதார் என்ற பெயருடைய மற்றொரு கப்பலும் வந்தது.

1624-ல் அரசர் கம்பெனியின் சாஸனத்தை ரத்துசெய்து வர்ஜீனியாவைத் தம் நேர் ஆளுகையில் எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷம் குடிக்கணக்கு ஒன்று தயாராயிற்று. பலருக்கு அதில் வயது, வந்த கப்பல், வந்த வருஷம் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. ஜேம்ஸ்டவுனில் வில்லியம் பியர்ஸ் என்பவரின் குடும்பக் கணக்கில் ஆஞ்சலோ என்று ஒரு ஆப்பிரிக்கப் பெண்ணும் காணப்படுகிறாள். 'டிரெஷரர்' கப்பலில் வந்தவள் என்று மட்டும் குறிப்பு. வயது இல்லை, வருஷம் இல்லை, ஊரும் இல்லை.