கழுதை ஏறும் சரிவு

தேர்தல் வந்தால் தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு படம் பத்திரிகைகளுக்கு வந்துவிடும். வட்டுவனஅள்ளி ஊராட்சியில் உள்ள கோட்டூர் மலையின் அடிவாரத்தில் கழுதைகள் வரிசையாக நிற்கும். அவற்றின் முதுகில் வாக்குப்பதிவு இயந்திரப் பெட்டிகளை வைத்துக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். முன்னால் கழுதைக்காரர், பின்னால் போலீசார், அவர்களுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு தேர்தல் அலுவலர்கள். மலைமேல் இருக்கும் வாக்காளர்களுக்கு இயந்திரம் போய்ச் சேர வேறு வழி இருந்ததில்லை. ஜீப் ஏறாத இடத்தில் கழுதைதான் ஏறும்.

படத்தைப் பார்ப்பவர்கள் கழுதையைப் பார்க்கிறார்கள், பெட்டியைப் பார்க்கிறார்கள். கழுதையின் காலடியில் கிடக்கும் தடத்தை யாரும் கவனிப்பதில்லை. அது ஏன் நேராக உச்சிக்குப் போகாமல் இடமும் வலமுமாக ஒதுங்கி ஒதுங்கி ஏறுகிறது? வரைபடம் போட்டு, கோல் வைத்து அளந்து யாரும் அதை அமைக்கவில்லை. ஆனாலும் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

தடம் பிறக்கும் விதம்

காட்டோரமாக ஒரு தடத்தில் குந்தி உட்கார்ந்து மண்ணைத் தொட்டுப் பாருங்கள். இரண்டடி தள்ளி உசில் மரத்தடியில் இருக்கும் மண் விரலுக்கு இளகிக் கொடுக்கும். தடத்து மண்ணில் நகம்கூட இறங்காது. நல்ல மண்ணில் ஏறக்குறையப் பாதி இடம் வெற்றிடம். அதில் காற்றும் தண்ணீரும் இருக்கும். காலும் குளம்பும் மிதிக்க மிதிக்க அந்த வெற்றிடம் நசுங்கிப் போகிறது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை, விதை விழுந்தால் வேர் நுழைவதில்லை. புல் செத்த இடம் நடப்பதற்குச் சுகமாக இருப்பதால் அடுத்தவரும் அங்கேயே கால் வைக்கிறார். நடக்க நடக்கத் தடம் தெளிகிறது. தெளியத் தெளிய இன்னும் அதிகம் பேர் நடக்கிறார்கள்.

எறும்புச் சாரியும் இப்படித்தான் உருவாகிறது. முதல் எறும்பு விட்டுச்சென்ற வாசனையை அடுத்தது பிடித்துக்கொண்டு போகிறது. அதுவும் தன் பங்குக்குக் கொஞ்சம் வாசனை சேர்க்கிறது. மனிதர்களுக்கு வாசனைக்குப் பதிலாக மிதிபட்ட புல். 1997-இல் டர்க் ஹெல்பிங்கும் உடன் ஆய்வாளர்களும் நேச்சர் இதழில் இதற்கு ஒரு கணித மாதிரி தந்தார்கள். நடப்பவர் ஒவ்வொருவரும் இரண்டு ஆசைகளுக்கு நடுவில் நிற்கிறார் என்பது அதன் அடிப்படை. ஒன்று, போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போகும் ஆசை. மற்றது, ஏற்கெனவே மிதிபட்ட வழியில் கால் நோகாமல் போகும் ஆசை. இரண்டையும் சேர்த்துக் கணினியில் நடக்கவிட்டால், தனித்தனியாகக் கிளம்பிய தடங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்து ஒன்றாகக் கூடிவிடுகின்றன. ஊர் மந்தைவெளியில் நாலு தெருக்காரர்களின் தடமும் நடுவில் வந்து கூடுகிற அதே உருவம்தான்.

யானை போட்ட கோடு

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் சாலை சுமார் 16 கிலோமீட்டர். அதன் இருபுறக் காடுகளிலும் மனிதத் தடத்தைவிட விலங்குத் தடம்தான் அதிகம். கோடையில் சிற்றோடைகள் வற்றினால் யானைகளுக்குக் காவிரிதான் கதி. ஆற்றுக்கு இறங்கவும் திரும்ப ஏறவும் அவை எங்கு வேண்டுமானாலும் நடந்துவிடுவதில்லை; வழி பார்த்துத்தான் நடக்கின்றன.

கென்யாவின் சம்புரு பகுதியில் யானைகளின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டி அவற்றின் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்தார்கள். அந்த ஆய்வு 2006-இல் வெளியானது. எவ்வளவு நல்ல தீவனம் இருந்தாலும், செங்குத்தான குன்றுகளை யானைகள் பெரும்பாலும் தவிர்த்தன. காரணம் உடம்பின் எடை. நாலு டன் உடம்பை நூறு மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஆகும் சக்தியை ஈடுகட்ட, யானை சுமார் அரை மணி நேரம் கூடுதலாக மேய வேண்டியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நாளின் பெரும்பகுதியை ஏற்கெனவே தின்பதிலேயே கழிக்கிற ஜீவனுக்கு அந்த அரை மணி சின்ன விஷயமல்ல. அதனால் மலையை ஏறிக் கடப்பதைவிடச் சுற்றிப் போவதும், இரண்டு முகடுகளுக்கு நடுவே தாழ்ந்த கணவாயைத் தேடிப் பிடிப்பதும் அதற்கு லாபம்.

இலங்கையில் ஆங்கிலேய அரசின் காலனியச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னென்ட், 1859-இல் வெளியிட்ட தமது நூலில், மலைகளைக் கடக்க யானைகள் வழி தேர்ந்தெடுக்கும் சாமர்த்தியத்தை வியந்து எழுதியிருக்கிறார். மலையில் புதுவழி தேடிய மனிதன் யானை போட்ட கோட்டின்மேல் கால் வைத்ததில் ஆச்சரியம் இல்லை.

யானைக்கு எடை, கழுதைக்குச் சுமை. கற்பூர வாசனைதான் கழுதைக்குத் தெரியாது. சரிவின் வாசனை நன்றாகத் தெரியும். ஆபத்து என்று பட்டால் குதிரையைப் போல மிரண்டு ஓடாது, நின்றுவிடும். இதைத்தான் நாம் அடம் என்கிறோம். குறுகலான குளம்பை இடம் பார்த்து ஊன்றி, வழுக்கலைச் சோதித்து, நம்பிக்கை வந்த பிறகே அடுத்த அடி வைக்கும். ஆண்டுக்கணக்காகக் கழுதைகள் நடந்த தடம் என்றால், ஆண்டுக்கணக்காகச் சோதித்துப் பார்த்த தடம் என்று பொருள்.

குறுக்குவழிக் கணக்கு

மனிதனின் நடைக்கும் கணக்கு உண்டு. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் எளிய விதி ஒன்று சொன்னார். கிலோமீட்டர் கணக்கில் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். 1993-இல் அமெரிக்கப் புவியியலாளர் வால்டோ டோப்ளர் இதைவிட நுட்பமான ஒரு சூத்திரம் தந்தார். அதன்படி, நாம் மிக வேகமாக நடப்பது சமதரையில் அல்ல, லேசான இறக்கத்தில். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் இறங்கும் சரிவில் மணிக்கு ஆறு கிலோமீட்டர்.

டோப்ளர் சூத்திரத்தை வைத்து நாமே ஒரு கணக்குப் போடலாம். 300 மீட்டர் உயரமுள்ள ஒரு மேட்டில் ஏற வேண்டும். ஒருவர் நூற்றுக்கு இருபது என்ற சரிவில் வளைந்து ஏறுகிறார். அவருக்கு 1500 மீட்டர் நடை, வேகம் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர். மற்றவர் நூற்றுக்கு நாற்பது என்று செங்குத்தாகக் குறுக்கே ஏறுகிறார். தூரம் பாதிதான், 750 மீட்டர். ஆனால் வேகமும் பாதியாகி, மணிக்கு ஒன்றேகால் கிலோமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. இருவரும் உச்சியைத் தொடுவது ஏறக்குறைய 36-ஆவது நிமிடத்தில். குறுக்கே போனவருக்கு மிச்சமான நேரம் எதுவும் இல்லை, மூச்சிரைப்புதான் மிச்சம். தலையில் அரிசிச் சிப்பம் இருந்தால் அவர் இன்னும் பிந்துவார்.

தண்ணீரும் தடம் தேடும்

இந்தக் குறுக்குவழியால் நடப்பவருக்கு லாபம் இல்லை. மலைக்கோ நஷ்டம். தடத்தை அழிப்பது கால் என்றுதான் பலரும் நினைப்பார்கள். கால் மண்ணை இறுக்குகிறது, அவ்வளவுதான். அதை அள்ளிக்கொண்டு போவது தண்ணீர்.

ஐப்பசி மழை கொட்டும்போது, இறுகிப்போன தடத்தில் தண்ணீர் உறிஞ்சாமல் மேலேயே ஓடும். தடம் சரிவின் போக்கிலேயே நேர் கீழாக இறங்கினால், தண்ணீருக்கு அது வெட்டி வைத்த வாய்க்கால். ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது புவியியல் பாடத்தில் பழைய விதி. நேற்று மணலை நகர்த்திய நீர் இன்று சரளையை உருட்டும். சில மழைக்காலத்தில் தடத்தின் நடுவே முழங்கால் ஆழத்துக்கு ஓடை விழும், வேர் வெளியே தெரியும். நடக்க முடியாமல் மக்கள் ஓரமாக ஒதுங்கி நடப்பார்கள். அங்கே புது வாய்க்கால் பிறக்கும்.

இதனால்தான் உலகெங்கும் தடம் அமைப்பவர்கள் ஒரு விதியைக் கையில் வைத்திருக்கிறார்கள்: மலைச்சரிவு எவ்வளவோ, தடத்தின் ஏற்றம் அதில் பாதிக்கு மேல் போகக் கூடாது, சராசரியாக நூற்றுக்குப் பத்தைத் தாண்டாமல் இருந்தால் உத்தமம். தடம் சரிவுக்குக் குறுக்காகச் சாய்ந்து போனால், மேலிருந்து வரும் தண்ணீர் தடத்தைக் கடந்து கீழே இறங்கிவிடும், தடத்தோடு சேர்ந்து ஓடாது. தடத்தின் வெளிவிளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தி வைப்பது, ஆங்காங்கே குறுக்கே கல் பதித்துத் தண்ணீரை ஒதுக்கிவிடுவது, ஏற்றத்தின் நடுவே சின்ன இறக்கம் விடுவது, எல்லாமே இதற்குத்தான். நம் கரும்புத் தோட்டத்தில் மண்வெட்டியால் மடை மாற்றிவிடும் வேலையின் அண்ணன் தம்பிதான் இதுவும்.

வடக்கே, ஐரோப்பாவின் உச்சியில் இந்தப் பிரச்சினை வேறு முகம் காட்டுகிறது. ஸ்வீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் இருக்கும் அபிஸ்கோவிலிருந்து தெற்கே ஹெமாவன் வரை சுமார் 440 கிலோமீட்டர் நீளும் குங்ஸ்லேடன், அதாவது ராஜபாதை, உலகப் புகழ்பெற்ற நடைபாதை. அங்கே தண்ணீர் ஓடி மண்ணை அறுப்பதைவிட, ஓடாமல் தேங்கிச் சதுப்பாவதுதான் தொல்லை. ஈரக்கரி மண்ணில் கால் வைத்தால் புதையும்; புதைவதைத் தவிர்க்க ஆளுக்கு ஒரு பக்கம் விலகினால் ஒற்றையடித் தடம் ஊர்ச் சாலை அளவுக்கு அகன்று, பல காலம் ஆறாத புண்ணாகிவிடும். அதனால் மைல் கணக்கில் மரப்பலகைகளை நீளவாக்கில் பரப்பி, அதன்மேல் மனிதர்களை நடக்கவிடுகிறார்கள். பனி மூடினால் தடமே தெரியாது என்பதால், கம்பங்களில் சிவப்புக் குறுக்குக் குறி வைத்துக் குளிர்காலத்துக்கு வழி காட்டுகிறார்கள்.

குழியில் எழுதிய தூரம்

வழிகாட்டும் விஷயத்தில் நம் மாவட்டம் யாருக்கும் பின்தங்கியதல்ல. தகடூர் என்ற பழைய பெயர்கொண்ட தருமபுரிப் பகுதியில், அதியமான் பெருவழியின் மைல் கற்கள் கிடைத்திருக்கின்றன. சுமார் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒரு கல்லில் நாவற்தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று எழுத்திலும் எண்ணிலும் வெட்டியிருக்கிறார்கள். அதோடு நிறுத்தவில்லை; கீழே இரண்டு பெரிய குழிகள், ஒன்பது சின்னக் குழிகள். பெரியது பத்து, சின்னது ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத பொதிமாட்டுக்காரர் இருட்டில்கூட விரலால் தடவி, இன்னும் 29 காதம் என்று தெரிந்துகொள்ளலாம். தடத்தை யார் உண்மையில் பயன்படுத்துகிறார்கள் என்று யோசித்துச் செதுக்கிய கல் அது.

யாருடைய தடம்?

இன்றைக்குத் தமிழ்நாட்டில் மலையேற்றம் பொழுதுபோக்காகிவிட்டது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேல் இறந்த பிறகு, அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் போகும் பழக்கத்துக்குக் கடிவாளம் விழுந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 தடங்களைத் திறந்தது. பென்னாகரத்துக் காவிரிக் காடுகளோ யானையின் வீடு. 2022-இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளைச் சேர்த்துக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இங்கே அனுமதியில்லாமல் தடம் பார்க்கப் போவது சட்டப்படி குற்றம். யானை எதிரில் வந்தால் சட்டம் பேச அவகாசம் இருக்காது.

கோட்டூர் மலைக்காரர்கள் பொழுதுபோக்குக்கு மலையேறுபவர்களின் கணக்கில் சேர மாட்டார்கள். அவர்களுக்குத் தடம் வார இறுதி விளையாட்டல்ல. ரேஷன் அரிசி அதில்தான் ஏற வேண்டும். உடம்புக்கு முடியாதவரைத் தூளி கட்டி அதில்தான் இறக்க வேண்டும். அவர்கள் கேட்பது தார்ச்சாலை. அங்கேயும் சரிவுதான் முன்னால் வந்து நிற்கிறது. மலைச்சாலையில் வாகனம் ஏற வழக்கமாக நூற்றுக்கு ஐந்தாறுக்கு மேல் ஏற்றம் வைப்பதில்லை. 300 மீட்டர் உயரத்தை நூற்றுக்குப் பத்தில் ஏறும் தடம் மூன்று கிலோமீட்டரில் முடித்துவிடும். நூற்றுக்கு ஆறில் ஏறும் சாலைக்கு ஐந்து கிலோமீட்டர் வேண்டும். கூடுதலான இரண்டு கிலோமீட்டரும் காப்புக்காட்டுக்குள் போனால், 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டமும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் கோப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கோப்பு நகர்கிற வேகத்துக்கு நெய்ஸ்மித்தும் டோப்ளரும் சூத்திரம் எழுதி வைக்கவில்லை. அதுவரை சுமை ஏற்றிய கழுதை அந்தத் தடத்தின் வளைவில் ஒரு கணம் நின்று, குளம்பை ஊன்றிப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டிருக்கும். பின்னால் வரும் அலுவலர், ஏன் நிற்கிறது என்று சலித்துக்கொள்ளாமல், அது கால் வைத்த இடத்திலேயே தானும் கால் வைத்தால் வழுக்காமல் மேலே போய்ச் சேரலாம்.