பெயர், நிலம், ஆண்டு: பத்தொன்பதாம் நூற்றாண்டு உழவர் ஒருவரை ஆவணங்களில் இனங்காணல்

1. சிக்கல்

சென்னை மாகாணத்துச் சிற்றூர் ஒன்றின் நிலவரிக் கணக்கில் 'விகிருதி வருடம், வேலன் மகன் முருகன்' என்றொரு பதிவு காணப்படுவதாகக் கொள்வோம். (இக்கட்டுரையில் வரும் பெயர்கள் விளக்கத்திற்காகக் கொண்டவை, எவ்வூரையும் எக்குடும்பத்தையும் குறிப்பன அல்ல.) பெயர் தெளிவாக உள்ளது, தந்தை பெயர் உள்ளது, ஆண்டும் உள்ளது. ஆயினும் இப்பதிவு யாரைக் குறிக்கிறது என்று உறுதியாகக் கூற இயலாது. விகிருதி அறுபது ஆண்டுச் சுழற்சியில் வரும் ஒரு பெயர். அது 1830-31ஐயும் குறிக்கலாம், 1890-91ஐயும் குறிக்கலாம். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை இடும் வழக்கமுடைய குடும்பத்தில் வேலன் மகன் முருகன், அம்முருகன் மகன் வேலன், அவ்வேலன் மகன் முருகன் என்று தலைமுறைகள் செல்லும். எனவே 1830இல் வாழ்ந்த பாட்டனும் 1890இல் வாழ்ந்த பேரனும் ஒரே பெயரோடும் ஒரே தந்தை பெயரோடும் ஒரே ஆண்டுப் பெயரின் கீழ், பெரும்பாலும் ஒரே நிலத்திற்கு உரியவராகப் பதிவு பெறுவர்.

இங்கு நேரும் பிழை சிறியதன்று. இரு பதிவுகளை ஒருவருடையனவாகக் கொண்டால் ஒரு மனிதர் மறைந்துபோகிறார். ஒருவருடைய பதிவுகளை இருவருக்குப் பிரித்தால் இல்லாத ஒருவர் பிறக்கிறார். பாகவுரிமை வழக்குகளிலும் குடும்ப வரலாற்றிலும் இவற்றின் விளைவை உணரலாம். வரலாற்றாய்வாளர் கையாளும் இவ்வாவணங்களைப் பல வேளைகளில் முதலில் படித்துப் பெயர்த்துத் தருபவர் மொழிபெயர்ப்பாளரே. ஆகவே, உழவர் ஒருவரின் வாழ்வையும் குடும்பத்தையும் ஆவணங்களின்வழி மீட்டெடுக்கும்போது எழும் மொழிச் சிக்கல்களை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. உழவரின் பெயர் ஏட்டில் ஏறிய வகை

பாராமகால் பகுதியில் 1792 முதல் அலெக்சாண்டர் ரீடும் அவர்கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் வளர்த்தெடுத்த இரயத்துவாரி முறை, மன்றோ சென்னை ஆளுநராக இருந்த காலத்தில் (1820-1827) மாகாணத்தின் பொதுமுறையாயிற்று. இம்முறையில் அரசு ஒவ்வொரு நிலவுடைமையாளரோடும் நேரே தீர்வை உடன்பாடு செய்துகொண்டது. அதனால் பட்டா, சிட்டா, அடங்கல் ஆகிய கணக்குகளில் தனி உழவரின் பெயர் ஆண்டுதோறும் எழுதப்படலாயிற்று. சமீன் பகுதிகளில் அரசு சமீன்தாரிடமே வரி பெற்றதால் ஆங்குக் குடியானவரைச் சமீன் கணக்குகளிலேயே தேட வேண்டும்.

பத்திரப் பதிவு பற்றிய சட்டம் 1864இல் இயற்றப்பட்டது. அதன்பின் கிரயம், ஒத்தி, பாகப்பிரிவினை முதலிய பத்திரங்கள் பதிவு அலுவலகங்களில் படி எடுத்து வைக்கப்பட்டன. குடிமதிப்பு 1871இல் எடுக்கப்பட்டபோதிலும் வீடுதோறும் எழுதிய தாள்கள் தொகுப்பு முடிந்தபின் பேணப்படவில்லை, எஞ்சியவை எண்ணிக்கைகளே. பிறப்பு இறப்புப் பதிவுக்கான மாகாணச் சட்டம் 1899இல்தான் வந்தது. எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டு உழவருக்குப் பெரும்பாலும் பிறந்த நாளும் கிடைப்பதில்லை. இறந்த நாளும் கிடைப்பதில்லை. கிடைப்பது அவர் பெயர் நிலத்தோடு சேர்த்து எழுதப்பட்ட ஆண்டுகள் மட்டுமே.

அவ்வாண்டுகளையும் அப்படியே வாழ்நாளாகக் கொள்ளல் ஆகாது. தந்தை இறந்தபின்னும் பட்டா மாற்றப்படாமல் பல ஆண்டுகள் அவர் பெயரிலேயே நிற்பது இன்றும் நாம் அறிந்த நடைமுறையாகும். பட்டாவில் உள்ள பெயர் தீர்வைக்குப் பொறுப்பான பெயர். உயிரோடு இருப்பதற்குச் சான்று அன்று. மாறாக, அவரே ஒரு பத்திரத்தில் கைநாட்டு வைத்திருந்தால் அந்நாளில் அவர் வாழ்ந்திருந்தார் என்பது உறுதி. பிறிதொரு பத்திரம் அவரைக் 'காலஞ்சென்ற' என்னும் அடையோடு சுட்டினால் இறப்பின் பின்னெல்லை கிடைக்கிறது. ஓர் அடைமொழியை மொழிபெயர்ப்பில் விட்டுவிட்டால் ஒருவர் வாழ்நாள் நீண்டுவிடுகிறது.

3. ஆண்டைக் கணித்தல்

முன்காட்டிய முருகன் சிக்கலைத் தீர்க்க உதவுவது பசலி ஆண்டு. பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அப்பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1240 என்பது 1830-31. பசலி 1300 என்பது 1890-91. சென்னை மாகாணத்தில் 1855 முதல் பசலி ஆண்டு சூலை முதல் நாளில் தொடங்கலாயிற்று. அதற்குமுன் ஆடி மாதத்தை ஒட்டித் தொடங்கியது. தமிழ் ஆண்டோ சித்திரையில் தொடங்குவது. ஆகவே ஒரே தமிழ் ஆண்டின் ஆனி மாதப் பதிவும் ஆவணி மாதப் பதிவும் இருவேறு பசலிகளைச் சாரலாம். மொழிபெயர்ப்பில் 'விகிருதி' என்பதை 1890 என்று மட்டும் எழுதிவிட்டால், தை மாதத்தில் எழுதிய பத்திரம் ஓராண்டு முந்திவிடும்.

பொதுமக்கள் நினைவும் ஆண்டுப் பெயரோடு பிணைந்தே நிற்கிறது. 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் மக்கள் வழக்கில் 'தாது வருடப் பஞ்சம்' எனப்பட்டது. தாது ஆண்டு 1876-77. 'தாது வருடத்தில் நிலத்தை ஒத்தி வைத்தார்' என்று முதியோர் கூறுவது இப்பஞ்சத்தைச் சுட்டலாம், 1936-37ஐயும் சுட்டலாம். பத்திரத்தில் உள்ள பசலியோ ஆங்கிலத் தேதியோதான் இதனை முடிவு செய்யும்.

4. பெயரும் எழுத்தும்

பழைய ஓலைக் கணக்குகளில் புள்ளி இடப்பெறுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபடுவதில்லை. ரகரத்திற்கும் காலுக்கும் ஒரே கோடே வருவதுண்டு. 'வெலன' என்று எழுதியிருப்பதை 'வேலன்' என்று படிப்பவர் தம் மொழியறிவால் படிக்கிறார். வழக்கில் உள்ள பெயராயின் இடர் இல்லை. வழக்கு வீழ்ந்த பெயராயின், படிப்பவர் தமக்குத் தெரிந்த பெயரை அதன்மேல் ஏற்றிவிடும் வாய்ப்பு மிகுதி. எழுத்துப்பெயர்ப்பு முதலில், படிப்பு அடுத்து என இருநிலையாகத் தருவதே இங்கு ஏற்ற நெறியாகும்.

'வகையறா' என்னும் சொல்லும் கவனிக்கத்தக்கது. 'முருகன் வகையறா' என்னும் கூட்டுப்பட்டாப் பதிவில் முருகனுடைய தம்பியர், அவர்தம் மக்கள், சில வேளைகளில் இறந்துபோன அண்ணன் மனைவி ஆகிய அனைவரும் அடங்கியிருக்கக் கூடும். 'மற்றும் பலர்' என்று பெயர்ப்பது பொருளளவில் பிழையன்று. ஆனால் அப்பலர் பங்காளிகள் என்னும் குறிப்பு அதனால் கெடுகிறது.

பெண்டிர் நிலை இன்னும் அரிது. 'வேலன் பெண்சாதி' என்று கணவர் பெயராலேயே சுட்டப்பெறுபவர், அவர் இறந்து மக்கள் மைனர்களாக இருக்கும்போது, கார்டியன் என்ற முறையில் தம் பெயரோடு பத்திரத்தில் தோன்றுகிறார். உழவர் ஒருவரின் மனைவி பெயர் அவர் வாழ்ந்த காலத்து ஆவணத்தினும் அவர் இறந்தபின் எழுதிய ஆவணத்திலேயே கிடைக்கும் வாய்ப்பு மிகுதி எனலாம்.

5. உறவுச்சொற்கள்

'பேரன்' என்னும் சொல் 'பெயரன்' என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். பெயரிடும் வழக்கத்தையே இச்சொல் தன்னுள் கொண்டுள்ளது. திராவிட உறவுமுறை பற்றித் தாமஸ் டிரவுட்மன் 1981இல் வெளியிட்ட நூல் காட்டுவதுபோல, இவ்வமைப்பில் ஒத்த உறவும் குறுக்குறவும் வேறாகப் பகுக்கப்படுகின்றன. தந்தையின் உடன்பிறந்தான் மகன் அண்ணனாகவோ தம்பியாகவோ கொள்ளப்படுவான். தாய்மாமன் மகன் அவ்வாறன்றி மைத்துனன் ஆவான்.

பத்திரத்தில் 'என் தம்பி' என்று வருவதைக்கொண்டு இருவரும் ஒரு தந்தையின் மக்கள் என்று குடிவழிப் படம் வரைதல் பொருந்தாது. 'உடன்பிறந்த தம்பி' என்று எழுதுவோர் ஏன் அவ்வடையைச் சேர்க்கின்றனர் என்பதை எண்ணினால் இது விளங்கும். அவ்வாறே 'மருமகன்' மகளின் கணவனாகலாம். ஆடவர் கூற்றாயின் உடன்பிறந்தாள் மகனாகலாம். அக்காள் மகனுக்கே மகளை மணமுடித்த குடும்பத்தில் ஒருவரே இரண்டுமாகலாம். ஆங்கிலம் இவ்விரண்டிற்கும் தனித்தனிச் சொல் வைத்துள்ளது. எனவே மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய கட்டாயம் எழுகிறது. ஆவணம் சொல்லாததைச் சொல்லவைக்கும் இடம் இதுவே. தமிழ்ச் சொல்லை அப்படியே நிறுத்தி, இயலக்கூடிய பொருள்களை அருகில் தருவது நேர்மையான வழியாகும்.

6. நிலமும் நான்கெல்லையும்

பெயர் ஐயத்திற்கு இடமாகும்போது நிலம் துணை செய்கிறது. நில அளவைக்குமுன் பைமாஷ் எண்ணாலும் அதன்பின் சர்வே எண்ணாலும் சுட்டப்பெறும் ஒரே வயலைப் பின்தொடர்ந்தால் அதனை வைத்திருந்தோரின் வரிசை கிடைக்கிறது. ஆயின் அளவுச் சொற்களிலும் பொருள் மயக்கம் உண்டு. 'காணி' என்பது எண்பதில் ஒன்று என்னும் பின்னம். செங்கற்பட்டுப் பகுதியில் சுமார் 1.32 ஏக்கர் அளவு. வழிவழி உரிமையுடைய நிலம் என்றும் பொருள்படும். 'அவனுக்கு ஒரு காணி' என்பதன் பொருளைச் சூழல் நோக்கியே துணிய வேண்டும்.

இதனினும் நுட்பமானது எல்லை கூறும் முறை. 'முருகன் நஞ்சைக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு மேற்கு' என்னும் தொடரில் நான்காம் வேற்றுமை எல்லைப் பொருளில் வந்துள்ளது. விற்கப்படும் நிலம் முருகன் நஞ்சைக்குக் கிழக்கே உள்ளது. அதாவது முருகன் நிலம் இதன் மேற்கெல்லை. 'கிழக்கில் முருகன் நஞ்சை' என்று ஏழாம் வேற்றுமையால் எழுதினால் முருகன் நிலம் கிழக்கெல்லை. இவ்விரு முறைகளும் வழக்கில் உள்ளன. உருபை நோக்காது திசைப்பெயரை மட்டும் எடுத்துப் பட்டியலிடும் மொழிபெயர்ப்பில் முதல்முறைப் பத்திரத்தின் திசைகள் அனைத்தும் தலைகீழாகும்.

குடும்ப வரலாற்றிற்கு இது ஏன் இன்றியமையாதது எனில், பாகம் பிரித்த நிலங்களில் அண்டை நிலத்தார் பெரும்பாலும் பங்காளிகளே. தம் பெயரில் பத்திரம் எதுவும் எழுதாத ஒருவர் பிறர் பத்திரத்தின் எல்லைக் குறிப்பில் மட்டும் வாழ்கிறார். நான்கெல்லைகளைச் சரியாகப் பொருத்தினால் ஒரு தாய் நிலத்தின் கூறுகள் ஒன்றுசேரும். அவற்றோடு உடன்பிறந்தோரும் ஒன்றுசேர்வர். உருபைப் பிழைபடக் கொண்டால் குடும்பம் சிதறும்.

7. பட்டா இல்லாத உழவர்

மேற்கூறியவை யாவும் நிலவுடைமை பெற்றோர்க்கே பொருந்தும். பண்ணையாளாகவும் படியாளாகவும் உழுத பெருந்தொகையினர் இக்கணக்குகளில் இடம்பெறவில்லை. தர்மா குமார் 1965இல் வெளியிட்ட ஆய்வு, வேளாண் கூலியுழைப்பாளர் பெருந்தொகையினராக இருந்தது ஆங்கிலேயர் ஆட்சியின் விளைவு மட்டுமன்று, முன்னரே சாதியமைப்போடு பிணைந்திருந்த நிலை என்று எடுத்துக்காட்டியது. இவர்களுள் சிலருடைய பெயரும் ஊரும் எழுத்தில் ஏறியது நாட்டைவிட்டு நீங்கியபோதுதான். சென்னையிலிருந்து புறப்பட்ட 'துருரோ' கப்பல் 1860 நவம்பர் 16இல் நேட்டாலின் டர்பனை அடைந்தது. அதுமுதல் 1911வரை எழுதப்பெற்ற கப்பல் பட்டியல்களில் ஒப்பந்தத் தொழிலாளர் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர் ஆகியவை குறிக்கப்பட்டன.

இப்பட்டியல்கள் செவியால் கேட்டு உரோமன் எழுத்தில் எழுதப்பட்டவை. லகர ளகர ழகரங்கள் ஓரெழுத்தாயின. நெடிலும் குறிலும் கலந்தன. சகர முதற்பெயர்கள் அகரவரிசையில் இரண்டு மூன்று இடங்களுக்குப் பிரிந்தன. இன்று அவர்தம் வழித்தோன்றல்கள் இத்தகைய ஒரு வரியை வைத்துக்கொண்டே முன்னோர் ஊரைத் தேடுகின்றனர். அவ்வரியிலிருந்து இயலக்கூடிய தமிழ் வடிவங்களை ஒலியியல் முறையில் வருவித்து, வட்டத்தின் ஊர்ப்பெயர்களோடு ஒப்பிட்டுத் தருவது மொழியியலார் ஆற்றத்தக்க பணியாகும்.

8. முடிவுரை

பெயர், நிலம், ஆண்டு ஆகிய மூன்றில் எதுவும் தனித்து நின்று ஓர் உழவரை இனங்காட்டாது. மூன்றும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் இடத்திலேயே ஒருவர் முழுமையாகத் தெரியவருகிறார். மொழிபெயர்ப்பாளர் ஆண்டை மூலத்தில் உள்ளவாறே தந்து கணித்த ஆண்டை உடன் தருக; உறவுச்சொல்லை மாற்றாது நிறுத்துக; எல்லைத் தொடரில் வேற்றுமையுருபின் பொருளைத் தவறாது பெயர்க்க; அடைமொழியையும் 'வகையறா'வையும் விடாது குறிக்க. ஐயம் தீராத இடத்தில் ஐயத்தையே பதிவு செய்தல் குறையன்று. விகிருதியில் வரி செலுத்திய இரு முருகன்களும் தத்தம் காலத்தில் உழுது வாழ்ந்தவர்கள். அவர்களை ஒருவராக்கிவிடாமல் காப்பது பசலி எண் என்னும் சிறு குறிப்பு. அக்குறிப்பை விடாது படிப்பது நம் கடமை.