பிஸ்பீ தேனீக்கள்: செம்பு விலையில் ஓடிய ஒரு பேஸ்பால் அணி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்ஸிகோ எல்லைக்குப் பக்கத்தில் மலையிடுக்கில் இருக்கும் செம்புச் சுரங்க ஊர் பிஸ்பீ. அந்த ஊருக்கு 'பிஸ்பீ பீஸ்' என்று ஒரு பேஸ்பால் அணி இருந்தது. தமிழில் பிஸ்பீ தேனீக்கள் என்று வைத்துக்கொள்வோமே. 1928-ல் மைனர் லீக்கில் நுழைந்த அணி, 1932-ல் சீசன் பாதியிலேயே காணாமல் போனது. ஏன் என்று தேடப் போனவனை, அணியைவிட அது ஆடிய மைதானம்தான் அதிகமாக இழுத்துக்கொண்டு போனது.

முதல்ல, மைனர் லீக்னா என்ன? பெருநகர அணிகள் ஆடுவது மேஜர் லீக். அதற்குக் கீழே சின்ன ஊர்களின் லீக்குகள், படிப்படியாக. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் உண்டு, ஆனா கம்மி. அன்றைக்கு இந்த லீக்குகளை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்திருந்தார்கள். தேனீக்கள் சேர்ந்த அரிசோனா ஸ்டேட் லீக் 'டி', அதாவது கடைசிப் படி. பீனிக்ஸ், டூசான், மயாமி எல்லாம் எதிரணிகள். (ஃப்ளோரிடா மயாமி இல்லீங்க, அரிசோனாவிலேயே இருக்கும் இன்னொரு செம்பு ஊர்.) பிறகு டெக்சாஸின் எல் பாசோவும் சேர்ந்துகொள்ள, 1931-ல் லீக்கின் பெயர் அரிசோனா-டெக்சாஸ் லீக் ஆனது.

இந்த மாதிரி ஊர் அணிக்கு முக்கிய வரும்படி டிக்கெட் காசு. டிக்கெட் வாங்குகிறவர் சுரங்கத் தொழிலாளி, அல்லது அவரை நம்பிக் கடை வைத்திருப்பவர். இருவர் பையிலும் இருப்பது செம்புக் காசு. எங்க தொழில் பாஷையில சொன்னா, மொத்த சிஸ்டமும் ஒரே ஒரு டிபென்டென்சியில் நிற்குது. 1929-ல் ஒரு பவுண்டு செம்பு சுமார் 18 சென்ட் விற்றது. 1932-ல் 6 சென்ட்டுக்கும் கீழே போய்விட்டது. அந்த ஜூலையில் தேனீக்கள் மட்டுமல்ல, லீக்கே இழுத்து மூடப்பட்டது.

இனி மைதானத்துக்கு வருவோம். வாரன் பால்பார்க். பிஸ்பீயை ஒட்டிய வாரன் என்ற குடியிருப்பில் 1909-ல் இதைக் கட்டியது காலுமெட் அண்ட் அரிசோனா என்ற சுரங்கக் கம்பெனி. பாஸ்டனின் புகழ்பெற்ற ஃபென்வே பார்க்கைவிட மூன்று வருஷம் மூத்தது! 1913 நவம்பரில், உலகச் சுற்றுப்பயணம் கிளம்பிய நியூயார்க் ஜயன்ட்ஸும் சிகாகோ ஒயிட் சாக்ஸும் இந்த மலையூரில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போயின.

சுரங்கக் கம்பெனிக்கு எதுக்கு மைதானம்? தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை சாராயக் கடைக்கோ சங்கக் கூட்டத்துக்கோ போவதைவிட மேட்ச் பார்ப்பது முதலாளிக்கு நல்லது. ஊரின் இன்னொரு பெரிய கம்பெனியான ஃபெல்ப்ஸ் டாட்ஜிடம் ஆஸ்பத்திரி இருந்தது, பெரிய கடை இருந்தது, நூலகம் இருந்தது. மைதானமும் அந்த வரிசையில் ஒன்று என்றுதான் நான் பார்க்கிறேன். அதில் தாராள மனசு கொஞ்சம் இருந்திருக்கலாம், கணக்கு நிறையவே இருந்தது.

அந்தக் கணக்கு 1917-ல் வெளியே வந்தது. முதல் உலகப் போர் நேரம், செம்புக்கு நல்ல கிராக்கி. ஜூன் கடைசியில், ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்ற தொழிற்சங்கத்தின் தலைமையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆட்கள் உள்ளே இருக்கும்போது வெடி வைக்காதே என்பது கோரிக்கைகளில் ஒன்று. இதைக் கேட்க வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது என்பதை யோசிச்சுப் பாருங்க.

ஜூலை 12 விடியற்காலை. ஷெரிஃப் ஹாரி வீலர் திரட்டிய சுமார் 2000 பேர், கையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, துப்பாக்கியுடன் வீடு வீடாகப் போனார்கள். பிடித்தவர்களை வாரனுக்கு நடத்திக்கொண்டு போய் அடைத்த இடம் இந்த மைதானம்தான். சுற்றிலும் வேலி, நடுவில் திறந்தவெளி. ஆட்களை அடைக்க அதைவிடத் தோதான இடம் அந்த ஊரில் எது? வேலைக்குத் திரும்பச் சம்மதித்தவர்களை விட்டுவிட்டார்கள். மறுத்த 1,186 பேரை மாட்டு வண்டித் தொடர் ரயிலில் ஏற்றி, நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அந்த ரயில்பாதை ஃபெல்ப்ஸ் டாட்ஜின் கையில் இருந்தது. பெரும்பாலானவர்கள் புலம்பெயர்ந்து வந்தவர்கள், மெக்ஸிகர்கள் ஏராளம். ஜனாதிபதி வில்சன் அமைத்த குழு இது சட்டவிரோதம் என்றது. ஆனால் 1920-ல் உச்ச நீதிமன்றம் இதில் மத்திய அரசு வழக்குப் போட முடியாது என்றுவிட, ஒருத்தருக்கும் தண்டனை இல்லை.

தேனீக்கள் ஆட வந்தது இதெல்லாம் நடந்து 11 வருஷம் கழித்து. பார்க்க வந்தவர்களில், அந்தக் காலையில் துப்பாக்கி பிடித்தவர்கள் சிலராவது இருந்திருப்பார்கள். இது என் ஊகம்.

பொருளாதார மந்தத்தில் அரசின் நிவாரண வேலைத் திட்டம் மைதானத்துக்குப் புது கேலரி கட்டிக் கொடுக்க, 1937-ல் தேனீக்கள் திரும்பி வந்தன. 1941-க்குப் பிறகு லீக்கைப் போர் நிறுத்தியது. அப்புறம் பக்கத்து ஊரான டக்ளஸோடு சேர்ந்து 'காப்பர் கிங்ஸ்' என்று ஒரு அணி, அதுவும் 1955 வரைதான். பெரிய சுரங்க வேலைகள் 1975-ல் நின்றன.

மைதானம் இன்னும் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். 2017-ல், நூறாவது ஆண்டில், ஊர்மக்களே அந்த நாளை நடித்துக் காட்டியதை ராபர்ட் கிரீன் 'பிஸ்பீ 17' என்று ஆவணப்படமாக எடுத்தார். 1917-ல் சொந்தச் சகோதரனையே பிடித்து ரயிலேற்றிய ஒருவரின் பேரப்பிள்ளைகளும் அதில் நடித்திருக்கிறார்கள்.