பங்க் நைட்னா என்ன? டி.கல்லுப்பட்டி மேடையில் அது சாத்தியமா?

தென் மாவட்டங்களில் லைவ் மியூசிக் என்றாலே நினைவுக்கு வருவது திருவிழா மேடைதான். கீபோர்டு, டிரம்ஸ், இரண்டு பாடகர்கள், வரிசையாக சினிமா ஹிட்ஸ். மதுரையிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கும் டி.கல்லுப்பட்டி பக்கமும் இதே கதைதான்.

அந்த மேடையில் நான்கு இளைஞர்கள் ஏறி, தாங்களே எழுதிய பாட்டை முழு சத்தத்தில், கோபத்தோடு பாடினால் எப்படி இருக்கும்? அதுக்குப் பேர்தான் பங்க். இங்கே அதை நடத்த முடியுமா? பார்க்கலாம்.

பங்க் என்றால் என்ன?

சிம்பிளா சொன்னால்: மூன்று கார்டு, இரண்டு நிமிஷம், செம வேகம். 1970-களில் ராக் இசை பெரிய ஸ்டேடியங்களுக்குப் போய்விட்டது. பாடல்கள் நீண்டன, வாசிக்கப் பல வருடப் பயிற்சி தேவைப்பட்டது. அதற்கான எதிர்வினைதான் பங்க்.

1973-ல் நியூயார்க்கில் ஹில்லி கிறிஸ்டல் என்பவர் ‘சிபிஜிபி’ என்ற கிளப்பைத் திறந்தார். மேடை கேட்டு வந்த பேண்டுகளுக்கு அவர் போட்ட கண்டிஷன், சொந்தப் பாட்டைத்தான் பாட வேண்டும் என்பது. 1974 ஆகஸ்டில் அங்கே முதன்முதலாக மேடையேறிய ‘ரமோன்ஸ்’ பின்னர் உலகப் புகழ் பெற்றது. 80-களில் பெரிய கம்பெனிகளைச் சாராமல் வளர்ந்த பேண்டுகளின் இசைக்கு ‘ஆல்டர்நேட்டிவ்’ என்ற பெயர் வந்தது.

கூட்டம் வராவிட்டால்?

பரவாயில்லை. 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ வாசித்தபோது வந்தவர்கள் சில டஜன் பேர்தான். அதில் ஒருவரான பீட்டர் ஹூக், உடனே போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். நண்பர்களோடு அவர் தொடங்கிய பேண்டுதான் பிறகு ‘ஜாய் டிவிஷன்’ ஆனது. ‘நம்மாலும் முடியும்’ என்று பார்ப்பவரை நினைக்க வைப்பதுதான் இந்த இசையின் வேலை.

தமிழ்நாட்டில் நடந்திருக்கிறதா?

நெருங்கிய உதாரணம் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு. முதல் கச்சேரி 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த ‘சாதி பேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து பெயர் வந்தது. கானா, ராப், ராக் கலந்த இசை என்பதால், கறாராகச் சொன்னால் இது பங்க் கிடையாது. ஆனால் பறையும் சட்டியும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மேடையில் நின்று சாதியையும் இடஒதுக்கீட்டையும் பற்றிப் பேசியபோது, குணம் அதேதான். நீலம் மையத்தின் ‘மார்கழியில் மக்களிசை’ 2021 டிசம்பரில் மதுரைக்கும் வந்தது.

டி.கல்லுப்பட்டியில் என்ன சிக்கல்?

மேடை போடுவது இந்த ஊருக்குப் புதுசில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏழு ஊர் மக்கள் கூடி, சப்பரம் கட்டி, முத்தாலம்மன் திருவிழா நடத்தும் பகுதி இது.

முதல் சிக்கல் நேரம். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழாக்களுக்கு வருடத்தில் 15 நாட்கள் வரை, நள்ளிரவு 12 மணி வரை அரசு தளர்வு தரலாம். மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு, ஆனால் வெளியே கேட்கும் சத்தத்துக்கு வரம்பு இருக்கிறது. அதாவது முகூர்த்தம் இல்லாத நாளில் ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தால், அதுவே கிளப்!

இரண்டாவது சிக்கல் பாட்டு. கோயில் விழா ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் பலர் போகிறார்கள். அனுமதியோடு வழக்கமாக வரும் நிபந்தனைகள்: ஆபாசம் கூடாது, கட்சி, மதம், சாதி சார்ந்த பாட்டு கூடாது. சாதிப் பெருமைப் பாட்டு ஒலித்து மோதலில் முடிந்துவிடக் கூடாது என்ற அக்கறை இதில் இருக்கிறது. அந்த பயம் நியாயமானதும்கூட.

ஆனால் சாதியை எதிர்க்கும் பாட்டும் சாதி பற்றிய பாட்டுதானே? பெருமைக்கும் எதிர்ப்புக்கும் இடையிலான கோட்டை யார் போடுவது, பந்தோபஸ்துக்கு வந்த போலீஸாரா, விழா கமிட்டியா? ஆம்ப்ளிஃபயரை வாடகைக்கு எடுத்துவிடலாம். ஒரு ஊர் பங்க் நைட்டுக்குத் தயாரா என்பது இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.