சிமென்ட் பங்கு வாங்கினால் வருஷா வருஷம் பணம் வருமா? டிவிடெண்ட் கணக்கு சொல்வது என்ன?

58, 9.25, 7.50, 7.50. ஏசிசி சிமென்ட் நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் தொடங்கி, அடுத்தடுத்த நான்கு கணக்கு ஆண்டுகளுக்கு ஒரு பங்குக்குக் கொடுத்த டிவிடெண்ட் இது, ரூபாயில்.

2022 தொடக்கத்தில் அந்த 58 ரூபாய் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, "வீடு கட்டுறது எப்பவும் நிக்காது, வருஷம் ஒரு தடவை இப்படிப் பணம் வரும்" என்று பணி ஓய்வுத் தொகையில் 100 பங்கு வாங்கியவரை நினைத்துப் பாருங்கள். அந்த முறை அவருக்குக் கிடைத்தது 5,800 ரூபாய். 2024-25 ஆண்டுக்கு அதே 100 பங்குக்குக் கிடைத்தது 750 ரூபாய்.

கம்பெனி நஷ்டத்தில் ஓடியதா என்றால், இல்லை. 2021-ல் ஏசிசியின் நிகர லாபம் சுமார் 1,860 கோடி ரூபாய். 2024-25-ல் சுமார் 2,400 கோடி. லாபம் கூடியிருக்கிறது, டிவிடெண்ட் சுருங்கியிருக்கிறது.

இது எப்படி? ஏசிசிக்கு மொத்தம் சுமார் 18.78 கோடி பங்குகள். பங்குக்கு 58 ரூபாய் என்றால் கிட்டத்தட்ட 1,090 கோடி. அதாவது 100 ரூபாய் லாபத்தில் 58 ரூபாயைப் பங்குதாரர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். 2024-25-ல் அது 100-க்கு 6 ரூபாய். இதைத்தான் 'பேஅவுட் விகிதம்' என்கிறார்கள். டிவிடெண்டுக்காகப் பங்கு வாங்குபவர் லாபத்துக்கு முன்னால் பார்க்க வேண்டிய எண் இது.

நடுவில் நடந்தது உரிமையாளர் மாற்றம். 58 ரூபாய் அறிவிப்பு வந்த சில மாதங்களில், 2022 மே மாதம், சுவிஸ் நிறுவனமான ஹோல்சிம் தன் இந்திய சிமென்ட் தொழிலை அதானி குழுமத்துக்கு விற்பதாக அறிவித்தது. செப்டம்பரில் கைமாறியது. புதிய உரிமையாளர் 2028-க்குள் ஆண்டுக்கு 14 கோடி டன் உற்பத்தித் திறன் என்று இலக்கு வைத்தார். புது ஆலை கட்டவும், சின்ன கம்பெனிகளை வாங்கவும் பணம் வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பகுதி டிவிடெண்டாக வந்திருக்க வேண்டிய பணம்.

இது தப்பு என்று சொல்லவில்லை. ஆலை நன்றாக ஓடினால் பங்கு விலை ஏறலாம். ஆனால் மாதச் செலவுக்குப் பணம் எதிர்பார்ப்பவருக்கு அது வேறு கணக்கு.

நேர் எதிரான உதாரணமும் இருக்கிறது. அல்ட்ராடெக்கின் லாபம் 2023-24-ல் சுமார் 7,000 கோடி, அடுத்த ஆண்டு சுமார் 6,000 கோடியாகக் குறைந்தது. டிவிடெண்டோ 70 ரூபாயிலிருந்து 77.50 ரூபாயாக ஏறியது.

775 சதவீதமா?

77.50 ரூபாய் டிவிடெண்டை '775 சதவீதம்' என்றும் சொல்ல முடியும். காரணம், சதவீதத்தை முகமதிப்பை வைத்துப் போடுவது இங்கே பழைய வழக்கம். அல்ட்ராடெக் பங்கின் முகமதிப்பு 10 ரூபாய். நீங்கள் 10 ரூபாய்க்கா வாங்கப் போகிறீர்கள்?

பங்கு விலை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 பங்கு வாங்க 96,000 ரூபாய். ஆண்டுக்கு வரும் டிவிடெண்ட் 620 ரூபாய். யீல்டு 0.65 சதவீதம்தான். அதே 96,000 ரூபாயை 6.5 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் 6,240 ரூபாய் வரும். பத்து மடங்கு வித்தியாசம். இந்த எண்களை ஷீட்டில் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஒரு தடவை கால்குலேட்டரைச் சரிபார்க்கத் தோன்றியது.

சிமென்ட்டில் ஏன் இப்படி?

சிமென்ட் ஆலை எரிபொருளைத் தின்னும் தொழில். நிலக்கரி, பெட்கோக் விலை ஏறினால் லாபம் உடனே அடி வாங்கும். மூட்டை கனம், விலை குறைவு. அதனால் வெகுதூரம் கொண்டுபோனால் லாரி வாடகையிலேயே லாபம் போய்விடும். மழைக்காலத்தில் கட்டுமானம் மந்தமாகும். மாநில வரியும் சேரும்: தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல் டன் சுண்ணாம்புக்கல்லுக்கு 160 ரூபாய் புது வரி. இத்தனையையும் தாண்டி மிச்சமாகும் பணத்தை, போட்டியாளர் ஆலை கட்டுகிறாரே என்று தானும் ஆலையில் போட வேண்டிய கட்டாயம்.

அதனால் ஒரு வருஷ டிவிடெண்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பத்து வருஷ டிவிடெண்டை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரே ஒரு எண் மட்டும் மலை மாதிரி நின்றால், அதை எடுத்துவிட்டு மீதியைப் பாருங்கள். பிறகு ஆண்டறிக்கையில் பணப்புழக்க அறிக்கையைத் திறந்து, தொழிலில் வந்த ரொக்கத்திலிருந்து ஆலைக்கும் இயந்திரத்துக்கும் செலவழித்ததைக் கழியுங்கள். மிச்சம் இல்லாமலேயே டிவிடெண்ட் கொடுத்திருந்தால், கடன் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, பலர் தேடாதது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் டிவிடெண்ட் கொள்கையைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது செபி விதி. எந்தச் சூழலில் கொடுப்போம், எப்போது எதிர்பார்க்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலும் சில பக்கங்கள்தான்.

வரியும் உண்டு. 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரி அடுக்குப்படி வரி விதிக்கப்படுகிறது. 2025 ஏப்ரல் முதல், ஒரு நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு அந்த 620 ரூபாயில் கையில் நிற்பது சுமார் 430 ரூபாய்.

"ரெக்கார்டு தேதிக்கு முந்தின நாள் வாங்கி, டிவிடெண்ட் வாங்கிட்டு வித்துடலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. தேதி சரிதான், முந்தைய வர்த்தக நாளுக்குள் வாங்கினால் போதும். ஆனால் மறுநாள் பங்கு விலை பொதுவாக டிவிடெண்ட் அளவுக்கு இறங்கித்தான் தொடங்கும். வந்த பணத்துக்கு வரி வேறு.